கேட்பவருக்கு முதல் முறை, சொல்பவருக்கு ஆயிரமாவது முறை

“அவசரம்!!! லேப்டாப்பில் வைஃபை வரவில்லை. எல்லாம் செய்து பார்த்துவிட்டேன். யாராவது உதவுங்கள்.”

தொழில்நுட்ப உதவிக் குழுமம் ஒன்றில் ஒரு மாதம் மட்டுறுத்துநராக, அதாவது பதிவுகளைக் கண்காணித்து ஒழுங்குபடுத்துபவராக, இருந்தவருக்குக்கூட இந்தப் பதிவு பழகிப்போயிருக்கும். என்ன லேப்டாப், என்ன இயங்குதளம், எப்போதிலிருந்து வரவில்லை, செய்து பார்த்த ‘எல்லாம்’ எவையெவை என்று ஒரு தகவலும் இருக்காது. பதற்றம் மட்டும் இருக்கும்.

நான் பொறுப்பில் இருக்கும் குழுமத்தில் இப்படி வந்த ஒரு பதிவுக்குப் பத்து நிமிடத்திலேயே பதில் வந்துவிட்டது. “முதலில் தேடிப் பார்த்தீர்களா? இதே கேள்வி நூறு முறை வந்திருக்கிறது.” அடுத்தவர் அதற்கு ஒரு சிரிப்பு முகம் போட்டார். மூன்றாமவர் ‘கேள்வி கேட்பது எப்படி’ என்ற விதிப் பக்கத்தின் இணைப்பை ஒட்டிவிட்டுப் போனார். யாரும் வசைச்சொல் எதுவும் எழுதவில்லை. எந்த விதியும் மீறப்படவில்லை. ஒருவரும் புகார் செய்யவில்லை. கேட்டவர் மட்டும் திரும்பி வரவேயில்லை.

மட்டுறுத்தல் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது வசைகளை நீக்குவதும் விளம்பரக் குப்பையைக் கூட்டுவதும்தான். அவை சுலபமான வேலைகள். பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும், கை தானாகப் போய் நீக்கிவிடும். ஒரு தப்பும் நடக்காமலேயே ஒருவர் வெளியேற்றப்படுகிறாரே, அதைக் கண்டுபிடிப்பதுதான் கடினம். அதற்குப் புகார்ப் பட்டியல் உதவாது, ஏனென்றால் புகார் செய்யவேண்டியவர் போய்விட்டார்.

அந்த முதல் பதிலை எழுதிய மூத்த உறுப்பினர் கல்நெஞ்சக்காரர் இல்லை. முந்தைய வாரம்தான், பழுதான வன்தட்டிலிருந்து யாரோ ஒருவரின் குடும்பப் படங்களை மீட்டுக்கொடுக்க இரவு இரண்டு மணிவரை கூட இருந்தவர். இதற்கெல்லாம் அவருக்குச் சம்பளம் கிடையாது, ஊரறிந்த பெயரும் கிடையாது. அப்படிப்பட்டவர் ஏன் எரிந்து விழுகிறார்? கேட்பவருக்கு இது முதல் முறை. அவருக்கோ ஆயிரமாவது முறை. மட்டுறுத்துநரின் இடம் இந்த இரண்டு பேருக்கும் நடுவில் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். ஒருவரை மற்றவரிடமிருந்து காப்பாற்றுவது மட்டும் போதாது. இருவரையும் காப்பாற்றவேண்டும்.

வலைத்தளங்கள் தோன்றுவதற்கு முன்பே இந்தச் சிக்கல் இருந்தது. 1979இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக மாணவர்கள் டாம் டிரஸ்காட்டும் ஜிம் எல்லிஸும் திட்டமிட்டு, மறு ஆண்டு நடைமுறைக்கு வந்த யூஸ்நெட் என்ற விவாத வலையமைப்பில் ஒவ்வொரு செப்டம்பரும் ஒரு தலைவலி. அந்த மாதம்தான் பல்கலைக்கழகங்களில் புதிய மாணவர்கள் சேர்வார்கள், அவர்கள் கைக்கு முதன்முறையாக இணைய வசதி வரும். கேட்டதையே கேட்பார்கள், இடம் மாறிக் கேட்பார்கள். பழையவர்கள் சில வாரங்கள் பொறுத்துச் சொல்லிக்கொடுப்பார்கள், புதியவர்களும் பழகிவிடுவார்கள். ‘அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்’ என்று இன்று எல்லா இணையதளங்களிலும் பார்க்கிறோமே, அந்த வழக்கம் பரவியது இங்கேதான். ஒரே பதிலைத் திரும்பத் திரும்ப எழுதிச் சலித்தவர்கள் அதைத் தொகுத்து வைத்தார்கள். அலுப்பைக் கோபமாக்காமல் ஆவணமாக்கினார்கள். எனக்கு அந்தத் தலைமுறையின்மேல் இதற்காகவே பெரிய மரியாதை உண்டு.

1993-94 வாக்கில் வணிக நிறுவனங்கள், குறிப்பாக ஏஓஎல் என்ற அமெரிக்க இணையச் சேவை நிறுவனம், தங்கள் சந்தாதாரர்களுக்கு யூஸ்நெட்டின் கதவைத் திறந்துவிட்டன. புதியவர்கள் ஆண்டுக்கு ஒரு முறை வருவது போய், நாள்தோறும் வரத் தொடங்கினார்கள். 1993 செப்டம்பரை ‘முடிவே இல்லாத செப்டம்பர்’ என்று பழையவர்கள் மனக்கசப்போடு பெயரிட்டார்கள். அந்தப் பெயரில் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. வருபவர் எண்ணிக்கை குறைவாகவும் சொல்லிக்கொடுப்பவர் எண்ணிக்கை போதுமானதாகவும் இருக்கும்வரை அன்பு தானாக நடக்கிறது. அந்த விகிதம் குலைந்த பிறகு, தனிமனிதர்களின் நல்ல குணத்தை மட்டும் நம்பி ஒரு குழுமத்தை நடத்த முடியாது. ஏற்பாடு வேண்டும்.

அறிந்தவருக்கு அறியாதவரின் நிலை ஏன் புரிவதில்லை என்பதற்கு ஓர் ஆய்வை அடிக்கடி எடுத்துக்காட்டுவார்கள். 1990இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் எலிசபெத் நியூட்டன் தன் முனைவர் பட்டத்துக்காகச் செய்தது. ஒருவர் எல்லோருக்கும் தெரிந்த பாட்டின் தாளத்தை மேசையில் விரலால் தட்டவேண்டும், எதிரே இருப்பவர் அது எந்தப் பாட்டு என்று சொல்லவேண்டும். பாதிப் பேராவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்று தட்டியவர்கள் எதிர்பார்த்தார்கள். தட்டப்பட்ட 120 பாடல்களில் கண்டுபிடிக்கப்பட்டவை 3. தட்டுகிறவரின் மனத்துக்குள் முழுப் பாட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது, கேட்பவரின் காதில் விழுவது வெறும் டொக் டொக். “இதுகூடத் தெரியவில்லையா?” என்று ஒரு நிபுணர் எழுதும்போது அவர் மனத்துக்குள்ளும் பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

தேடிப் பார்க்கச் சொல்வதில் உள்ள சிக்கலும் இதேதான். தேடுவதற்குச் சொல் வேண்டும். வைஃபை அட்டையை இயக்கும் மென்பொருளுக்கு ‘டிரைவர்’ என்று பெயர் என்பதே தெரியாதவர் எதைத் தட்டச்சு செய்து தேடுவார்? “கம்ப்யூட்டர் திறக்கவில்லை” என்று ஒருவர் எழுதுகிறார். மின்சாரமே ஏறவில்லை என்று இருக்கலாம். விளக்கு எரிகிறது, விசிறி சுற்றுகிறது, திரை மட்டும் இருட்டு என்று இருக்கலாம். தயாரித்த நிறுவனத்தின் சின்னம் வந்து அங்கேயே நின்றுவிடலாம். கடவுச்சொல்லை ஏற்காமல் இருக்கலாம். உள்ளே போனபின் ஒரு கோப்பும் காணாமல் வெறுந்திரையாக இருக்கலாம். அவருக்கு எல்லாமே ‘திறக்கவில்லை’தான். நிபுணருக்கு இவை ஐந்து தனித்தனி நோய்கள். வைத்தியரிடம் போய் “வயிற்றுக்குள் என்னவோ செய்கிறது” என்று சொல்கிறவரை யாரும் திட்டி அனுப்புவதில்லையே. எந்த இடத்தில், எப்போது என்று கேட்பதற்குத்தானே வைத்தியர் இருக்கிறார்.

இன்னொரு வகைக் கேள்வியும் உண்டு. ஒருவர் தன் கணினியில் கடவுச்சொல்லையே எடுத்துவிடுவது எப்படி என்று கேட்டார். அது பாதுகாப்புக்கு ஆபத்து என்று ஒருவர் அறிவுரை சொல்ல, இன்னொருவர் மறுக்க, பதில்கள் இருபதைத் தாண்டின. கடைசியில் ஓர் உறுப்பினர் நிதானமாக, “ஏன் எடுக்க நினைக்கிறீர்கள்?” என்று கேட்டார். விசைப்பலகையில் ஓர் எழுத்து வேலை செய்யவில்லை, அந்த எழுத்து கடவுச்சொல்லில் இருக்கிறது. அவ்வளவுதான். தும்பை விட்டு வாலைப் பிடிப்பது கேட்பவரின் தவறு மட்டுமல்ல, எல்லோருமாகச் சேர்ந்து அந்த வாலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தோம். ‘ஏன்’ என்ற அந்த ஒற்றைச் சொல்லைக் குற்றம் சாட்டாத தொனியில் கேட்கத் தெரிந்தவர்கள்தான் ஓர் உதவிக் குழுமத்தின் உண்மையான செல்வம். அவர்களை நான் பெயர் பெயராகக் குறித்து வைத்திருக்கிறேன்.

கேட்பவருக்கும் கடமை உண்டு என்ற வாதத்தை நான் மறுக்கவில்லை. யாரும் எடுத்துப் பயன்படுத்தி மாற்றவும் கூடிய கட்டற்ற மென்பொருள்களின் உலகில், 2001இல் எரிக் ரேமண்ட் என்ற நிரலாளர் எழுதிய, கேள்விகளைத் திறமையாகக் கேட்பது எப்படி என்ற நீண்ட வழிகாட்டி, குழுமம் குழுமமாகச் சுற்றியது. பிழைச்செய்தியை அப்படியே தாருங்கள், செய்து பார்த்ததைச் சொல்லுங்கள், தலைப்பைத் தெளிவாக எழுதுங்கள் என்று அதில் உள்ள அறிவுரைகள் இன்றைக்கும் பொருந்தும். வருத்தம் என்னவென்றால், புதியவர் முகத்தில் வீசுவதற்கான கல்லாகத்தான் அது பெரும்பாலும் பயன்பட்டது. அதே ஆவணத்தின் கடைசியில் வரும் ஒரு பகுதி பதில் சொல்பவர்களுக்கானது. மென்மையாக இருங்கள், சிக்கலில் மாட்டியவரின் பதற்றம் அவரை முரட்டுத்தனமாகவோ அறிவற்றவராகவோ காட்டக்கூடும், முதல் முறை தவறுபவருக்குத் தனிமடலில் சொல்லுங்கள், பொதுவில் அவமானப்படுத்தாதீர்கள் என்கிறது அது. இணைப்பை ஒட்டியவர்களில் எத்தனை பேர் அதுவரை படித்தார்கள் என்று நான் யோசித்ததுண்டு.

ஏற்பாடு பிசகினால் என்ன ஆகும் என்பதற்கு ஸ்டாக் ஓவர்ஃப்ளோ என்ற கேள்வி-பதில் தளம் நல்ல பாடம். ஜெஃப் அட்வுட்டும் ஜோயல் ஸ்போல்ஸ்கியும் 2008இல் தொடங்கிய அந்தத் தளம் நிரலாளர்களுக்குச் செய்த நன்மைக்கு அளவில்லை. அதன் நோக்கம் ஒருவருக்கு ஒருமுறை உதவுவதோடு நிற்கவில்லை, நாளை தேடி வருபவர்களுக்கெல்லாம் பயன்படும் நூலகம் ஒன்றைக் கட்ட நினைத்தார்கள். அந்த நோக்கப்படி ஒரே கேள்வி இரண்டாம் முறை வந்தால் அதை மூடுவது நியாயம். ஆனால் கேட்டவர் நூலகம் கட்ட வரவில்லை. வேலை நின்றுபோய், விடை தேடி வந்தவர். அவர் கண்ணில் படுவது “மூடப்பட்டது” என்ற சொல்லும் எதிர்மறை வாக்குகளும்தான். போதாக்குறைக்கு, பிறருடைய பதிவின் கீழே கருத்து எழுத, மற்றவர்களின் வாக்குகளால் சேரும் மதிப்புப் புள்ளிகள் 50 வேண்டியிருந்தது. ஒரு பதிலில் சின்னச் சந்தேகம் கேட்க நினைத்த புதியவர் வேறு வழியின்றி அதைப் பதில் பெட்டியில் எழுதுவார், அது விதிமீறல் என்று நீக்கப்படும். யாரும் அவரைத் திட்டவில்லை. வாசல் அப்படிக் கட்டப்பட்டிருந்தது.

2018 ஏப்ரலில் அந்த நிறுவனமே வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. புதிய நிரலாளர்கள், பெண்கள், ஒதுக்கப்பட்ட பிரிவினர் பலருக்கும் தங்கள் தளம் பகைமையும் மேட்டிமையும் கொண்ட இடமாகத் தெரிகிறது என்று எழுதியது. அதே ஆண்டு, முதல்முறை எழுதுபவரின் பெயருக்கு அருகில் ‘புதிய பங்களிப்பாளர்’ என்ற குறிப்பை வைத்தார்கள். சிறிய மாற்றம்தான். ஆனால் அது சரியான இடத்தைத் தொட்டது. பதில் எழுத வருபவருக்கு, தட்டச்சு செய்யத் தொடங்கும் அந்த நொடியில், எதிரே இருப்பவருக்கு இது முதல் முறை என்பது நினைவூட்டப்பட்டது.

விதிகளைப் பற்றியும் ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது. விதிகளை முன்னால் வைத்தால் புதியவர்கள் மிரண்டு ஓடிவிடுவார்கள் என்பார்கள். நேதன் மத்தையாஸ் என்ற ஆய்வாளர் ரெடிட் என்ற விவாதத் தளத்தின் அறிவியல் பகுதியில் 2,190 விவாதங்களை எடுத்து, குலுக்கல் முறையில் சிலவற்றின் உச்சியில் மட்டும் விதிகளைத் தெரியும்படி வைத்துப் பார்த்தார். 2019இல் வெளியான அந்த ஆய்வின்படி, விதிகள் வைக்கப்பட்ட இடங்களில் புதியவர்கள் விதியைப் பின்பற்றுவது 8 சதவீதப் புள்ளிகளுக்கு மேல் கூடியது. அதைவிட வியப்பானது, புதியவர்களின் பங்கேற்பு சராசரியாக 70 சதவீதம் கூடியது. இங்கே எப்படி நடந்துகொள்ளவேண்டும், தப்பாக நடப்பவர்களை யாராவது கவனிக்கிறார்களா என்பது தெரியாமல்தான் பலர் வாசலிலேயே நின்றுவிடுகிறார்கள் போலும். அதைப் படித்த வாரமே, எங்கள் பதினேழு விதிகளை ஐந்தாகச் சுருக்கி எழுதுபெட்டிக்கு மேலேயே வைத்தோம். “சாதனத்தின் பெயர், பிழைச்செய்தியின் சொற்கள், கடைசியாக மாற்றியது எது” என்று மூன்று காலி இடங்களையும் சேர்த்தோம். அதன் பிறகு “முழு விவரம் தரவும்” என்று எழுதவேண்டிய தேவை கண்கூடாகக் குறைந்தது.

அன்றாட வேலையில் நான் கற்றுக்கொண்டவற்றில் முதன்மையானது, மூடுவதற்கு முன் திருத்திப் பார்ப்பது. “அவசரம்!!! உதவுங்கள்” என்ற தலைப்பை “தூக்க நிலையிலிருந்து எழுந்தபின் வைஃபை காணவில்லை” என்று மாற்ற அரை நிமிடம் போதும். கேட்டவர் ஒரு நல்ல தலைப்பு எப்படி இருக்கும் என்பதைத் தன் பதிவிலேயே பார்த்துவிடுகிறார். நாளைக்கு அதே சிக்கலோடு தேடுபவருக்கும் அது கிடைக்கிறது. எழுதிக் கேட்கத் தயங்கி, பழைய இழைகளை, அதாவது கேள்வி-பதில் தொடர்களை, படித்துவிட்டுச் சத்தமில்லாமல் போகிறவர்கள்தான் எந்தக் குழுமத்திலும் மிகப் பெரும்பான்மை. ஒரு புதியவரை நாம் நடத்தும் விதத்தைப் பார்த்து, கேட்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்பவர்கள் அவர்கள்.

மூத்தவர்களிடம் பேசுவது அதைவிட நுட்பமான வேலை. கடுமையான பதிலைப் பொதுவில் கண்டித்தால், பல ஆண்டுகள் உழைத்தவர் மனம் உடைந்து விலகுவார், அல்லது இழை முழுவதும் சண்டையாகும். நான் தனிமடலில் எழுதுகிறேன். குற்றச்சாட்டோடு தொடங்குவதில்லை, “இந்த வாரம் நிறைய எழுதியிருக்கிறீர்களே, சோர்வாக இருக்கிறதா?” என்றுதான் தொடங்குவேன். பெரும்பாலும் விடை ‘ஆம்’ என்றே வரும். இரண்டு நாள் புதியவர் பகுதிப் பக்கம் வரவேண்டாம், சிக்கலான இழைகளை மட்டும் பாருங்கள் என்று கேட்டுக்கொள்வேன். பதில் சொல்லாமல் கடந்துபோக எல்லோருக்கும் உரிமை உண்டு என்பதை எங்கள் விதிகளில் எழுதியே வைத்திருக்கிறோம். எரிச்சலோடு எழுதிய பதிலைவிட ஒரு மணி நேரம் கழித்து வேறொருவர் எழுதும் பதில் எவ்வளவோ மேல்.

புதியவர்களில் ஆர்வமுள்ளவர்களைச் சீக்கிரமே பதில் சொல்ல அழைப்பதும் இதற்காகத்தான். ஆசிரியரிடமிருந்து கிடைப்பது கால் பங்கு, உடன் கற்பவரோடு பழகுவதில் கால் பங்கு, பிறருக்கு விரித்துரைக்கும்போதுதான் மீதி அரைப் பங்கும் நிறைகிறது என்று நன்னூல் கணக்குச் சொல்கிறது. ஆறு மாதத்துக்கு முன் தானே குழம்பியவருக்கு, எந்த இடத்தில் குழப்பம் வரும் என்பது இன்னும் நினைவிருக்கும். இருபது ஆண்டு நிபுணருக்கு அந்த நினைவு அழிந்திருக்கும்.

அன்பு என்றால் இனிமையாகப் பேசுவது மட்டும் இல்லை. புதியவருக்கு மிகப் பெரிய தீங்கு, அவர் நம்பிக்கையைப் பயன்படுத்திக்கொள்பவர்களால் வருகிறது. வேடிக்கைக்காக, கணினியில் உள்ள அனைத்தையும் அழித்துவிடும் ஒற்றை வரிக் கட்டளையைத் ‘தீர்வு’ என்று தருகிறவர்கள் உண்டு. அந்தப் பதிலுக்கு எச்சரிக்கை கிடையாது, உடனடி நீக்கமும் தடையும்தான். “நானே சரிசெய்து தருகிறேன், உங்கள் கணினியைத் தொலைவிலிருந்து இயக்க அனுமதி கொடுங்கள்” என்று தனிமடலில் வந்து பணத்தைப் பறிக்கும் கூட்டமும் உண்டு. முதல் பதிவு எழுதுபவர் எவரும் எங்களிடமிருந்து பெறும் முதல் செய்தி, தனிமடலில் உதவ வருபவரை நம்பாதீர்கள் என்பதுதான். புதியவர்கள் ஒட்டும் படங்களில் தொலைபேசி எண், மென்பொருள் உரிமச் சாவி, சில சமயம் கடவுச்சொல்லே தெரியும். கேள்விக்குப் பதில் தெரியாத மட்டுறுத்துநர்கூட இதைக் கண்டு மறைத்துக் கொடுக்கலாம்.

எல்லைகள் தேவைதான். மற்றவர்களைத் தன் வேலையாட்களாக நினைத்து அதட்டுபவருக்கும், சொன்ன எதையும் செய்து பார்க்காமல் அடுத்த விடை கேட்பவருக்கும் நான் தெளிவாக மறுத்திருக்கிறேன், இழையைப் பூட்டியிருக்கிறேன். மறுப்பையும் மரியாதையாக எழுத முடியும்.

கண்டிப்பில்லாவிட்டால் தரம் போய்விடும் என்று வாதிடுபவர்கள் நெடுங்காலம், லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கருநிரலை எழுதும் குழுவைத்தான் சுட்டிக்காட்டினார்கள். 2018 செப்டம்பரில், அதை உருவாக்கி வழிநடத்தும் லினஸ் டோர்வால்ட்ஸ், தன் மின்னஞ்சல்களில் இருந்த தனிப்பட்ட தாக்குதல்கள் தகாதவை என்று ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார், சில வாரங்கள் விலகியிருந்தார். அந்தத் திட்டமும் புதிய நடத்தை விதிகளை ஏற்றுக்கொண்டது. கருநிரல் இன்றும் உலகின் சேவையகங்களைத் தாங்கிக்கொண்டுதான் இருக்கிறது. தவறான நிரலை ஏற்கமாட்டேன் என்பது கண்டிப்பு. எழுதியவரை இழிவுபடுத்துவதால் அந்த நிரல் ஒரு வரிகூடத் திருந்துவதில்லை.

2022 நவம்பர் 30 அன்று சாட்ஜிபிடி வெளிவந்தது. ஒரு வாரத்துக்குள், அது எழுதிய பதில்கள் பார்வைக்குச் சரியாகவும் உண்மையில் தவறாகவும் இருக்கின்றன என்று ஸ்டாக் ஓவர்ஃப்ளோ அவற்றுக்குத் தடை விதித்தது. ஆனாலும் அங்கே கேட்கப்படும் கேள்விகள் அதன் பிறகு வெகுவாகக் குறைந்தன. பல காரணங்கள் இருக்கலாம், வேகம் முக்கியமானது. ஆனால் எங்கள் குழுமத்தில் ஒருவர் எழுதியது என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. “அது தப்பாகச் சொன்னாலும் பரவாயில்லை, என்னை முட்டாளாக உணரவைப்பதில்லை” என்றார். பொறுமையை இயந்திரத்திடம் தேடிப் போகும் நிலைக்கு மனிதர்களை நாம்தான் தள்ளினோம். அங்கே கிடைக்கும் விடை அந்த உரையாடலோடு முடிந்துவிடுகிறது, அதே சிக்கலோடு அடுத்து வருபவர் அதைத் தேடி எடுக்க முடியாது. பொதுவில் கேட்ட ஒரு கேள்வி, பொதுவில் சொன்ன ஒரு பதில், ‘இது வேலை செய்தது’ என்று மூன்றாவது ஒருவரின் சாட்சி. இவை சேர்ந்துதான் இத்தனை ஆண்டுகளாக நம் எல்லோருக்கும் வேலை கற்றுக்கொடுத்தன.

வைஃபை வரவில்லை என்று எழுதிவிட்டுப் போன அந்தப் புதியவருக்குத் தனிமடல் அனுப்பினேன். பதில் வரவில்லை. அந்த இழையைத் திறந்து, சில மாடல்களில் பக்கவாட்டில் ஒரு சிறிய வைஃபை பொத்தான் இருக்கும், பையில் வைக்கும்போது தெரியாமல் நகர்ந்துவிடும், முதலில் அதைப் பாருங்கள் என்று எழுதிவைத்தேன். அதன்பின் வேறு இருவர், தங்களுக்கும் அதுதான் என்று அங்கே எழுதியிருக்கிறார்கள்.

தினமும் காலையில் நான் முதலில் திறப்பது, பதில் கிடைக்காத முதல் பதிவுகளின் பட்டியலை. இன்று அதில் மூன்று இருந்தன. ஒருவருக்கு அச்சுப்பொறி பாதித் தாளில் நின்றுவிடுகிறது. ஒருவர் முழு எழுத்தும் தலைகீழாக உள்ள புகைப்படம் ஒன்றை மட்டும் போட்டிருக்கிறார். மூன்றாமவர் இரண்டே சொற்கள் எழுதியிருக்கிறார், “சத்தம் இல்லை.” அவரிடம், கணினி கொஞ்சமும் ஒலி எழுப்பவில்லையா, அல்லது காதொலிப்பானில் மட்டும் கேட்கவில்லையா என்று கேட்டிருக்கிறேன்.